வாசிப்பு வேறு, பதிவு வேறு

ஒரே சிம்பொனியின் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்கப் பழக வேண்டும் என்று வருகிறவர்கள், உட்கார்ந்ததும் கேட்பது "இதில் எது சிறந்தது?" என்பதுதான். நான் முதலில் அவர்கள் கையை வால்யூம் குமிழுக்குக் கொண்டுபோவேன். இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கும்வரை அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. ஒரு பதிவு மற்றதைவிட ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது. தெளிவு என்று சொல்லும், உயிர்ப்பு என்று சொல்லும், வயலின்கள் பக்கத்தில் வந்துவிட்டன என்று சொல்லும். சத்தம் குறையக் குறைய அடிஸ்தாயியைக் காது வேகமாக இழக்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இல் அளந்தே காட்டிவிட்டார்கள். ஆகவே சற்றுத் தாழ்வாக ஒலிக்கும் பதிவில் டபுள் பாஸ் வரிசையே மெலிந்துபோனதாகத் தோன்றும். மெலிந்தது வாசிப்பு இல்லை.

என் தொழில் பழைய இசைத்தட்டுகளையும் டேப்புகளையும் டிஜிட்டலுக்கு மாற்றுவது. அதை எனக்குக் கற்றுத்தந்த பெரியவர், டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்து ஒலிப்பதிவாளர். ஒரு தட்டு கைக்கு வந்தால் அவர் உடனே ஓடவிட மாட்டார். வாலை வடிநீரில் கழுவி, நிழலில் காயவைத்து, விளக்குக்குச் சாய்வாகப் பிடித்துப் பள்ளத்தைப் பார்ப்பார். 78 தட்டு என்றால் சுமார் 3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி, பழைய மோனோ எல்பி என்றால் 1 மில். அதோடு நிற்க மாட்டார். அந்த அளவுக்குச் சற்று மேலும் கீழுமான ஊசிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். பல ஆண்டுகள் ஓடிய தட்டில் பழைய ஊசிகள் உரசித் தேய்த்தது பள்ளத்தின் ஒரு மட்டத்தைத்தான். அதற்கு மேலோ கீழோ தேயாத சுவர் கிடைத்துவிட்டால் அதே தட்டில் இன்னொரு வயலின் வரிசை எழுந்து வரும். "தம்பி, தட்டு முழுசாப் பேசினப்புறம் பீத்தோவனைப் பத்திப் பேசலாம்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் இன்னும் வேலை செய்கிறேன்.

ஒரு பதிவில் மூன்று கைகள் இருக்கின்றன. வாசித்த கை, மைக் வைத்த கை, டேப்பிலிருந்தோ தட்டிலிருந்தோ மாற்றிக் கொடுத்த கை. இசை நடத்துநர் மேல் சுமத்தப்படும் குற்றங்களில் பாதி மற்ற இரண்டு கைகளுக்கு உரியவை. பாராட்டுக்கும் இதே கணக்குத்தான். ஒரே மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்த இரண்டு சிடிகளோடு ஓர் இளைஞர் வந்தார். புதியதில் நடத்துநர் ஆவேசமாக இருக்கிறார், பழையதில் சோர்ந்திருக்கிறார் என்று உறுதியாகச் சொன்னார். புதியதின் லெவலை இறக்கிப் பழையதோடு சமப்படுத்தினேன். கண்ணை மூடிக் கேட்டவருக்கு எது எதுவென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பழையதில் டிம்பனி நன்றாக விழுகிறது என்று அவரே சொன்னார்.

லெவலைச் சமப்படுத்த உச்சத்தையும் பார்க்காதீர்கள், மெல்லிய இடத்தையும் பார்க்காதீர்கள். உச்சம் ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு விதமாக அமுக்கப்பட்டிருக்கும். மெல்லிய இடம் நடத்துநரின் சொந்த முடிவு. மொத்த வாத்தியக்குழுவும் நேராக, முழுதாக ஒலிக்கும் ஓரிடத்தை எடுங்கள். பீத்தோவன் ஐந்தாவதில் அது கடைசி மூவ்மெண்ட்டின் தொடக்கம். அங்கே குமிழை நிறுத்திவிட்டு முதலுக்குப் போங்கள். முடியும்வரை கை குமிழில் படக்கூடாது. இது கேட்க எளிது, செய்யக் கடினம். நடுவில் கை தானாகவே போகும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதும் ஐந்தாவதுதான். அதில் காதை நிறுத்த வேண்டிய இடங்கள் தெளிவாக இருக்கின்றன. தொடக்கத்தின் நான்கு ஸ்வரங்களை வாசிப்பவை தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டும் மட்டும். கிளாரினெட்டின் மரநாதம் தந்திகளுக்குள் கலந்து கேட்கிறதா? கேட்டால் மைக் வைத்தவருக்கு ஒரு மதிப்பெண். அடுத்து, நீண்டு நிற்கும் இரண்டு கார்வைகள். இரண்டாவது கார்வைக்குப் பீத்தோவன் ஒரு பார் கூடுதலாக எழுதியிருக்கிறார். நடத்துநர்களில் ஃபுர்ட்வெங்லர் அதில் ஊன்றி நிற்பார். டோஸ்கனினி நிற்க விடமாட்டார். பிறகு இரண்டாம் கருவை அறிவிக்கும் ஹார்ன் அழைப்பு. அதே அழைப்பு பின்னால் திரும்பி வரும்போது ஸ்கோரில் பாஸூனுக்கு எழுதப்பட்டிருக்கிறது. பாஸூன் வலுவில்லாமல் கேட்கும் என்று பழைய தலைமுறையில் பலர் அதை ஹார்னுக்கே கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பாஸூன்தான் வேண்டும். முதல் முறை கொம்பாக வந்தது இப்போது கரகரத்த குரலில் வரும்போது அந்த இடத்தின் நிறமே இருண்டுவிடுகிறது. அதைத் தொலைக்க எனக்கு மனம் வராது. சற்று முன்னால் ஓபோ தனியாக நிற்கும் ஓரிடமும் உண்டு. வியன்னா ஓபோவின் குரல் வேறு, மற்ற ஊர் ஓபோவின் குரல் வேறு என்று காது முதன்முதலில் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

மூன்றாவது மூவ்மெண்ட்டிலிருந்து நான்காவதுக்குப் போகும் பாலம்தான் பெரிய சோதனை. ஏறத்தாழ 50 பார்கள். தொடக்கத்தில் தந்திகள் அசையாமல் நிற்க, டிம்பனி மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். அறை எவ்வளவு பெரியது, டேப் இரைச்சல் எவ்வளவு, தட்டின் மேற்பரப்பு எப்படி, டிம்பனியின் தோல் எப்படி என்று எல்லாம் அங்கே வெளியே வந்துவிடும். பிறகு சி மேஜர் வெடிக்கும்போது டிராம்போன்களும் பிக்கலோவும் கான்ட்ராபாஸூனும் இந்தச் சிம்பொனியில் முதன்முறையாக நுழைகின்றன. அந்த நுழைவில் குழு பெரிதானது போல் கேட்க வேண்டும். சத்தம் மட்டும் கூடினால் எங்கோ யாரோ அமுக்கியிருக்கிறார்கள்.

கால அளவை வைத்து வேகத்தைத் தீர்மானிக்காதீர்கள். கார்லோஸ் கிளைபர் 1974இல் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு பதிந்த ஐந்தாவது, காராயன் 1962இல் பெர்லினில் பதிந்ததைவிட நீளம். ஆனால் கிளைபர் மந்தமானவர் இல்லை. கடைசி மூவ்மெண்ட்டின் முதல் பகுதியை ஸ்கோர் சொல்லும்படி அவர் திருப்பி வாசிக்கிறார், காராயன் திருப்பவில்லை. அட்டையின் பின்பக்கத்து நிமிடக் கணக்கை மட்டும் பார்த்து இது விறுவிறுப்பு, அது நிதானம் என்று பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி அறை. காராயனின் அந்தப் பதிவு பெர்லின் டாலெம் பகுதியின் இயேசு கிறிஸ்து தேவாலயத்தில் நடந்தது. கிளைபருடையது வியன்னா மியூசிக்ஃபெரைனில். முன்னதில் தந்திகளைச் சுற்றி ஒரு காற்று சூழ்ந்திருக்கும். பின்னதில் அடிவரிசைக்கு மரத்தின் சூடு உண்டு. டோஸ்கனினியின் என்பிசி பதிவுகள் பலவற்றுக்குக் களம் நியூயார்க்கின் 8-எச் வானொலி ஸ்டூடியோ, எதிரொலி வற்றிய இடம். ஸ்வரம் முடிந்த கணமே ஒலியும் முடிந்துவிடும். அவரை இரக்கமில்லாத கறார்க்காரர் என்று பலர் எழுதியதற்கு அந்த அறையும் ஒரு காரணம். அதே மனிதர் 1937இல் லண்டன் குயின்ஸ் ஹாலில் பிபிசி குழுவோடு பதிந்த பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியைக் கேளுங்கள். காலப்பிரமாணத்தில் அதே ஒழுங்குதான், ஆனால் வாக்கியங்கள் மூச்சு விடுகின்றன. அந்த மண்டபம் 1941இல் குண்டுவீச்சில் அழிந்தது. அதன் ஒலி இப்போது இத்தகைய தட்டுகளில்தான் இருக்கிறது. அவற்றைக் கவனமாகக் கழுவ இது ஒன்றே போதும்.

லண்டனின் கிங்ஸ்வே ஹால் வேறு வகைப் பாடம். ஒலிப்பதிவாளர்கள் கொண்டாடிய அறை அது. ஆனால் அடியில் சுரங்க ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எடுத்த பதிவுகளில், நல்ல ஸ்பீக்கரில், மெல்லிய இடங்களில் ஓர் உறுமல் நகர்ந்து போவது கேட்கும். அதை வெட்டி எறியத் தோன்றும். வெட்டினால் டபுள் பாஸின் அடிப்பாகமும் கூடவே போகும். நான் ரயிலை ஓட விட்டுவிடுவேன்.

மைக் வைப்பதில் இரண்டு மரபுகளையாவது காது அறிந்திருக்க வேண்டும். டெக்கா கம்பெனியின் ஆட்கள் 1954 முதல் நடத்துநருக்குச் சற்று மேலே மூன்று மைக்குகளை மரக்கிளைபோல் தொங்கவிட்டு, தேவைக்கு ஓரங்களில் இன்னும் சில வைத்தார்கள். மெர்குரி கம்பெனியில் ராபர்ட் ஃபைன் மோனோவுக்கு ஒரே மைக், ஸ்டீரியோவுக்கு மூன்றே மைக் என்று நின்றார். அங்கே வாத்தியங்களுக்கு இடையிலான சமநிலை நடத்துநர் செய்ததுதான். பிற்காலத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மைக் வந்தபிறகு, ஓபோ எழுந்து முன்னால் வந்தால் அது வாசித்தவர் செய்ததா, கலவை மேசையில் விரல் செய்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அறையின் எதிரொலி மாறாமல் ஒரு வாத்தியம் மட்டும் கிட்டத்தில் வந்தால் அது விரல்தான்.

ஸ்டீரியோவில் வயலின்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதையும் பாருங்கள். கிளைபர் பதிந்த பீத்தோவன் ஏழாவதில் முதல் வயலின்கள் இடப்பக்கம், இரண்டாம் வயலின்கள் வலப்பக்கம். கிளெம்பரரும் அப்படித்தான் உட்காரவைப்பார். கடைசி மூவ்மெண்ட்டில் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எறிந்து பிடிப்பது அந்த அமர்வில்தான் தெரியும். அதே ஏழாவதின் இரண்டாம் மூவ்மெண்ட் முடியும் இடத்தில், தந்திகள் வில்லுக்குத் திரும்ப வேண்டும் என்று வழக்கமான பதிப்பு சொல்லுகிறது. கிளைபர் கடைசிவரை விரலால் மீட்டவே வைக்கிறார். அவருடைய தந்தை எரிக் கிளைபரும் அப்படியே செய்தார். எந்தப் பதிவைக் கையில் எடுத்தாலும் அந்த இடத்துக்குப் போய்விட்டுத்தான் நான் மற்றதைக் கேட்பேன்.

மாற்றிக் கொடுத்த கையைப் பற்றி என்னால் நாள்முழுக்கப் பேச முடியும், என் கையும் அதில் இருப்பதால். முதலில் இரைச்சல். பழைய டேப்பில் ஹிஸ் இருக்கத்தான் செய்யும். அது முற்றிலும் இல்லாத மறுபதிப்பு கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ஹிஸ்ஸும் வயலின் வில்லின் உராய்வும் ஒரே உயரத்தில்தான் வசிக்கின்றன. அரிசியைக் களைகிறேன் என்று அரிசியையே கொட்டிவிடுகிற வேலை அது. அப்படித் துடைத்த பதிவைக் கேட்டுவிட்டுத்தான் தந்திகள் உணர்ச்சியில்லாமல் வாசிக்கின்றன என்று எழுதுகிறார்கள். அடுத்து ஈக்வலைசேஷன். 1954 வாக்கில் ஆர்ஐஏஏ வளைவு நிலைபெறும்வரை கம்பெனிக்குக் கம்பெனி வளைவு வேறு. பழைய தட்டைப் புதிய வளைவில் ஓட்டினால் பித்தளை வாத்தியங்கள் கத்தும், அல்லது முழுக் குழுவும் கம்பளிக்குள் போய்விடும்.

சுருதியை எப்போதும் சரிபாருங்கள். வேகம் கூடினால் சுருதியும் ஏறும். அரை ஸ்வரம் ஏறினால் வேகம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். ஃபுர்ட்வெங்லரின் போர்க்காலப் பெர்லின் பதிவுகள் சில பழைய எல்பிகளில் சுருதி ஏறித்தான் ஓடின. அவற்றைக் கேட்டு அவருடைய வெறியைப் பற்றிப் பேசியவர்கள் கேட்டதில் ஒரு பங்கு மோட்டாருடையது. வெறி இருக்கிறது, சரியான சுருதியிலும் இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் மாறுகிறது. எல்பி என்றால் இன்னும் இரண்டு. பள்ளம் உள்வட்டத்துக்குப் போகப்போக ஊசிக்குக் கிடைக்கும் நீளம் குறைந்து ஒலி கரடாகும். சிம்பொனிகள் உச்சத்தில் முடிவதோ சரியாக அந்த உள்வட்டத்தில். இன்னொன்று முன்னொலி. ஐந்தாவதின் முதல் அடிக்கு முன், அமைதிக்குள் அதே நான்கு ஸ்வரங்கள் நிழலாகக் கேட்கலாம். அது சரியாக 1.8 நொடி முன்னால் வந்தால் பக்கத்துப் பள்ளத்திலிருந்து கசிந்தது, தட்டு ஒரு சுற்றுச் சுற்றும் நேரம் அது. வேறு இடைவெளி என்றால் டேப்பின் சுருளில் அடுத்த சுற்றில் பதிந்தது. முன்னதை வேறு பதிப்பு தேடித் தீர்க்கலாம். பின்னது மாஸ்டரிலேயே இருக்கிறது.

இவ்வளவும் பழகியபிறகு எடுக்க வேண்டிய ஜோடி ஒன்று உண்டு. மாலரின் ஒன்பதாவதை மாலர் இறந்தபிறகு 1912இல் வியன்னாவில் முதன்முதலில் நடத்தியவர் புரூனோ வால்டர். 1938 ஜனவரி 16 அன்று அதே வியன்னா பில்ஹார்மோனிக்கோடு அவர் மியூசிக்ஃபெரைனில் நடத்திய கச்சேரியை எச்எம்வி பதிந்து 20 தட்டுப் பக்கங்களில் வெளியிட்டது. முதல் வயலின் நாற்காலியில் மாலரின் தங்கை கணவர் ஆர்னால்டு ரோசே. இரண்டு மாதத்தில் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கினார். வால்டரும் ரோசேயும் நாடிழந்தார்கள். 1961இல் கலிபோர்னியாவில், 84 வயதில், வால்டர் அதே சிம்பொனியை ஸ்டீரியோவில் பதிந்தார், பதிவுக்கென்று சேர்த்த கொலம்பியா சிம்பொனிக் குழுவோடு.

முன்னது ஏறத்தாழ 70 நிமிடம். பின்னது 80ஐத் தாண்டும். இங்கே திருப்பி வாசிக்கும் கணக்கு இல்லை, வேகமே மாறியிருக்கிறது. 1938இல் இருமல் உண்டு, பக்கம் மாறும் இடங்களில் மேற்பரப்பு இரைச்சலின் நிறம் மாறும். நல்ல கை மாற்றிய பிரதியில் அந்தத் தையல் எங்கே என்று தேட வேண்டும். அந்த இரைச்சலுக்கு அடியில் தந்திகள் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதைக் கேளுங்கள். மாலர் காலத்துக் கைகள் அவை. 1961இன் தந்திகள் சுத்தமாக அடியெடுத்து வைக்கின்றன, வழுக்கல் இல்லை. ஆள் எண்ணிக்கையும் குறைவு. அதற்குப் பதிலாகத் தொடக்கத்தில் செல்லோவும் ஹார்னும் ஹார்ப்பும் தனித்தனியாகத் துண்டுகளை வைத்து ஒரு பாட்டை எழுப்புவது, 1938 தட்டில் யூகிக்க மட்டுமே முடிந்தது, இங்கே கைநீட்டித் தொடும் தூரத்தில் இருக்கிறது. முதல் மூவ்மெண்ட்டை நான் 1961இல்தான் கற்றுக்கொண்டேன், இப்போதும் யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் அதைத்தான் எடுப்பேன். கடைசி மூவ்மெண்ட்டுக்கு 1938. பதிவு எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் அந்த வேகத்தில், அந்தக் கைகளில், தந்திகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ஏறுவதை வேறெங்கும் நான் கேட்கவில்லை. கழுவிய நல்ல பிரதியிலிருந்து எடுத்த மாற்றமாகப் பார்த்து வாங்குங்கள். ஹிஸ் இருக்கட்டும்.