ரத்த டாக்டரும் ஒரு பி.காம். மாணவனும்

எங்கள் ஊர் அரியக்குடி. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாட்டுக் கேட்கிறவர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் "ராமானுஜ ஐயங்கார் ஊரா?" என்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் "தென் திருப்பதி இல்லையா?" என்பார்கள். வகுப்பு நண்பர்கள் மட்டும் "அது எங்கடா இருக்கு?" என்று கேட்பார்கள் :-)

போன வாரம் கேன்டீனில் ஒரு கேள்வி ஓடியது. "பி.காம். எடுக்கலைன்னா என்ன படிச்சிருப்பே?" ஒருத்தன் விஸ்காம், ஒருத்தி சட்டம், ஒருத்தன் "தூங்கியிருப்பேன்" என்றான். என் முறை வந்ததும் யோசிக்காமல் "ரத்த டாக்டர்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டு, "ரத்த வங்கியில பாட்டில் எடுத்துக் குடுக்குறவரா?" என்றார்கள். இல்லை. அவர் யார் என்று அங்கே விளக்க முடியவில்லை, டீ ஆறிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கேட்டதையும் படித்ததையும் பார்த்ததையும் சொல்கிறேன். யாரும் இதை வைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம்.

தம்பியின் முழங்கால்

என் சித்தி மகன் தவழ ஆரம்பித்த நாளிலிருந்தே அவன் முட்டியில் நீலம் நீலமாகத் தடம் விழும். "பூஞ்சை உடம்பு" என்று விட்டுவிட்டார்கள். நான்கு வயதில் ஒருநாள் கீழே விழாமலேயே வலது முழங்கால் பந்து மாதிரி வீங்கியது. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். வாதம் என்று சொல்லி இடுப்பில் ஊசி போட்டார். முழங்கால் வீக்கம் அப்படியே இருக்க, ஊசி போட்ட இடமும் கறுத்து வீங்கிவிட்டது. பையன் மூன்று நாள் தூங்கவில்லை. யாரோ புண்ணியவான் "வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அது 2016. நான் ஏழாம் வகுப்பு, பள்ளி விடுமுறை. பை தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். திருச்சி போய், அங்கிருந்து ராத்திரி பஸ். விடியற்காலையில் இறங்கினால் சி.எம்.சி. வாசல் தெருவில் பாதிப் பலகைகள் வங்காளத்தில் இருந்தன. கடைக்காரர்கூட வங்காளத்தில் விலை சொன்னார். கல்கத்தாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள் லாட்ஜில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்கியிருந்தார்கள். நாங்கள் வந்த தூரமெல்லாம் ஒரு தூரமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரத்தநோய்ப் பிரிவில் எங்களைப் பார்த்த டாக்டர் முதலில் முழங்காலைத் தொடவே இல்லை. சித்தியிடம், "உங்க அம்மா வீட்டுல ஆம்பளப் பிள்ளை யாராவது சின்ன வயசுல ரத்தம் நிக்காம இறந்திருக்காங்களா?" என்று கேட்டார். சித்திக்குத் தெரியவில்லை. வெளியே வந்து ஆயாவுக்குப் போன் போட்டோம் (எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவரை ஆயா என்போம்). ஆயா வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்ததாக ஒரு மாமா இருந்தாராம். பால் பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் ஆறு வயதில் போய்விட்டாராம். காத்துக் கருப்பு என்று மந்திரித்தார்களாம். அதற்குப் பிறகு வீட்டில் அவர் பெயரையே யாரும் சொல்வதில்லையாம்.

டாக்டர் அதைக் கேட்டு, சீட்டின் பின்பக்கம் கட்டங்களும் வட்டங்களும் போட்டார். ஆண் கட்டம், பெண் வட்டம். மாமாவின் கட்டத்தையும் தம்பியின் கட்டத்தையும் கறுப்பாக்கினார். எங்கள் குடும்பத்தை அப்படி ஒரு படமாக நான் அதுவரை பார்த்ததில்லை.

பரிசோதனையில் ஹீமோபிலியா ஏ என்று வந்தது. ரத்தம் உறைவதற்கு ஒன்றன் பின் ஒன்றாகப் பல புரதங்கள் வேலை செய்ய வேண்டும். அவற்றில் எட்டாவது ஃபேக்டர் தம்பிக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அப்படி இருந்தால் கடுமையான வகை. அடிபடாமலேயே மூட்டுக்குள் ரத்தம் கசியும். அந்த முழங்காலில் இருந்தது வாதம் இல்லை, ரத்தம். இவர்களுக்குத் தசையில் ஊசி போடக்கூடாது, ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது என்பதையெல்லாம் அன்றைக்குத்தான் கேட்டோம்.

இவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

மற்ற டாக்டர்கள் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து அறிக்கையைப் பார்ப்பார்கள். ரத்தநோய் நிபுணர் நோயாளியையும் பார்ப்பார், அவருடைய ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பிலும் பார்ப்பார். இடுப்பெலும்பில் ஊசி விட்டு மஜ்ஜையை எடுப்பவரும் அநேகமாக அவரே. ரத்தச் சோகை, தலசீமியா, ரத்தப் புற்றுநோய், மஜ்ஜை வேலை செய்யாமல் போவது, உறையாத ரத்தம், உறையக்கூடாத இடத்தில் உறையும் ரத்தம், எல்லாம் இவர்கள் கணக்கில் வரும்.

படிப்பு? எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. மூன்று, அதன் மேல் டி.எம். மூன்று. மொத்தம் பதினொன்றரை. நான் மூன்று வருடத்துக்கே அரியருக்குப் பயப்படுகிறேன்.

இந்தியாவில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்றம் 1983-இல் மும்பை டாடா மருத்துவமனையில் நடந்தது. வேலூரில் 1986-இல் தொடங்கினார்கள். அங்கே அதை வளர்த்தவர் டாக்டர் மாமன் சாண்டி. பிறகு கல்கத்தாவில் டாடா மெடிக்கல் சென்டரின் இயக்குநராக இருந்தார், 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். அமெரிக்கா போய் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தை உருவாக்கிய குழுவை நடத்தினார். அதே குழு செய்த அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் 1948-இல் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, முதல் தடவையாகத் தற்காலிகமாகவாவது நோய் அடங்குவதைக் காட்டினார். அதே 1948-இல் சுப்பாராவ் இறந்துவிட்டார். நம் ஊரில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

வணிகவியல் கண்ணில்

இனி என் பாடத்துக்கு வருகிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் எனக்கு அடிக்கடி வேலூர்தான் ஞாபகம் வரும்.

ஃபேக்டர் எட்டில் ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் ஏற்றினால் ரத்தத்தில் அதன் அளவு இரண்டு சதவீதம் கூடும். ஐம்பது கிலோ ஆளுக்கு நாற்பது சதவீதம் ஏற்ற 1000 யூனிட் வேண்டும். அது சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மறுபடி ஏற்ற வேண்டும். பணக்கார நாடுகளில் ரத்தம் கசிவதற்கு முன்பே வாரம் இரண்டு மூன்று தடவை ஏற்றிவிடுவார்கள். நம் ஊரில் அந்த அளவு கட்டுப்படியாகாது. "எவ்வளவு குறைத்தால் காசும் மிஞ்சும், மூட்டும் பிழைக்கும்?" என்று குறைந்த அளவுகளை வைத்து ஆராய்ந்தவர்களில் வேலூர் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா முக்கியமானவர். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2013, 2020 வழிகாட்டிகளுக்கு அவர்தான் முதன்மை ஆசிரியர். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. அது இல்லையென்றால் சித்தப்பா சம்பளத்தில் தம்பிக்கு ஒரு மாதம்கூட ஓடியிருக்காது.

இன்னொரு கணக்கு பாஷாணக் கணக்கு. சித்த வைத்தியத்தில் அறுபத்துநான்கு பாஷாணம் என்பார்கள். அதில் வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்செனிக் ட்ரையாக்சைடு. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு (ஏ.பி.எல்.) இது மருந்தாகும் என்று 1970-களில் சீனாவின் ஹார்பின் நகர டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். விலை உயர்ந்த மருந்துகள் வாங்க முடியாத நோயாளிகளுக்கு இது ஒன்றை மட்டும் கொடுத்தால் என்ன என்று வேலூர்க்காரர்கள் முயன்றார்கள். 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு. 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. டாக்டர் விக்ரம் மேத்யூஸ் குழு இதை 2006-இல் வெளியிட்டது. காசில்லாதவனுக்காக யோசித்தது உலகத்துக்கே பாடமானது. (நாட்டு மருந்துக் கடையில் பாஷாணம் தேடிப் போகாதீர்கள். அது ஆஸ்பத்திரியில் அளந்து, இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டே கொடுக்கிற மருந்து.)

2024 டிசம்பரில் இன்னொரு செய்தி. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு வேலூரில் மரபணு சிகிச்சை செய்தார்கள். அவர்களுடைய மூல செல்களையே எடுத்து, எட்டாவது ஃபேக்டரைச் செய்யும் மரபணுவை அதில் ஏற்றி, திரும்ப உடம்புக்குள் விட்டார்கள். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவு நின்றிருந்தது. ஐந்து பேர்தான், இன்னும் ஆராய்ச்சிதான். இருந்தாலும் அந்தச் செய்தியை தம்பிக்கு நான்தான் படித்துக் காட்டினேன். "எனக்கு எப்போண்ணே?" என்றான். "தெரியலடா" என்றேன்.

அக்காவின் கணக்கு

இவ்வளவு நேரம் சுற்றி வந்ததே இதைச் சொல்லத்தான்.

அந்த நோய் தாய் வழியாக வருவது. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றுதான். அதனால் பெண் சுமப்பாள், பெரும்பாலும் ஆண் பிள்ளை படுவான். தம்பிக்கு நோய் என்று தெரிந்ததும் சித்தியின் மாமியார், "அந்த வீட்டு ரத்தமே கெட்ட ரத்தம்" என்றார். சித்தி எட்டு வருடமாக அந்த வார்த்தையைச் சுமக்கிறார். அன்றைக்கு வேலூரில் டாக்டர் அவரிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இது உங்க வழியா வந்துச்சு. உங்களால வரலை. ரெண்டும் வேற வேறம்மா."

போன வருடம் என் அக்காவுக்கு வரன் பேசினார்கள். எங்கள் பிசினஸ் ஸ்டேடிஸ்டிக்ஸில் அப்போது பேயஸ் தேற்றம் நடந்துகொண்டிருந்தது. ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இறந்துபோன மாமாவுக்கும் இதே நோய் என்றால் ஆயா கேரியர். அம்மா கேரியராக இருக்க இரண்டில் ஒன்று. ஆனால் அம்மாவின் ஒரே ஆண் பிள்ளையான எனக்கு நோய் இல்லை. அம்மா கேரியராக இருந்தும் நான் தப்பித்திருக்க நான்கில் ஒன்று, அம்மா கேரியராகவே இல்லாமலிருக்க இரண்டில் ஒன்று. ஒன்றுக்கு இரண்டு. ஆக அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, அக்காவுக்கு ஆறில் ஒன்று. நான் நன்றாக இருப்பதே அக்காவின் கணக்கை நான்கில் ஒன்றிலிருந்து ஆறில் ஒன்றாகக் குறைத்திருக்கிறது! பரீட்சையில்கூட எனக்கு இவ்வளவு சரியாக விடை வந்ததில்லை.

ஆனால் ஆறில் ஒன்று என்பது ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகாது. அம்மாவிடம் சொன்னேன். "வாயை மூடு, கல்யாணம் முடியட்டும்" என்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துவிட்டு, "டெஸ்ட் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது. முதலில் தம்பியின் மரபணுவில் பழுது எங்கே என்று பார்த்து, பிறகு அதே இடத்தை அக்காவின் ரத்தத்தில் பார்ப்பார்கள். அம்மாவைச் சம்மதிக்க வைத்தது டாக்டர் சொன்ன ஒரு விஷயம். கேரியர்களில் சிலருக்கே ஃபேக்டர் குறைவாக இருக்கும், தெரியாமல் போனால் பிரசவத்தில் ரத்தப்போக்கு ஆபத்தாகலாம். பிள்ளைக்காக இல்லாவிட்டாலும் அக்காவுக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறிக்கை வந்தது. ஆறில் அந்த ஒன்றுதான் அக்கா.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் எல்லோரும் ஒரே முடிவு. அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளே போன் போட்டு அந்தப் பையனிடம் பேசினாள். பிறக்கிற ஆண் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இப்போது மருந்து இருக்கிறது, கர்ப்பத்திலேயே பார்க்கவும் வழி இருக்கிறது, எல்லாம் சொன்னாள். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். யோசித்து முடித்ததாக இதுவரை தகவல் இல்லை.

எனக்குக் கோபம், எதற்கு அந்த நோட்டை எடுத்தேன் என்றுகூட இருந்தது. அக்கா சொன்னாள்: "அவங்க தெரிஞ்சு ஒதுங்குனாங்க. சித்திக்கு யாரு சொன்னா? ஆயாவுக்கு யாரு சொன்னா? நான் ஒருத்தியாவது தெரிஞ்சு போறேன்."

தம்பிக்கு இந்த விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. போன மாதம் வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். வலது காலை இன்னும் முழுசாக மடக்க வராது அவனுக்கு. "என்னாலயாக்கா நின்னு போச்சு?" என்று கேட்டான்.

அக்கா அவன் தட்டில் இன்னொரு பணியாரம் வைத்துவிட்டுச் சொன்னாள். "உன்னாலதான்டா எனக்குத் தெரிஞ்சுச்சு. சாப்பிடு."

அந்தச் சீட்டின் பின்பக்கக் கட்டமும் வட்டமும் இன்னும் சித்தி வீட்டு பீரோவில் இருக்கிறது. ரத்த டாக்டர் என்றால் யார் என்று கேன்டீனில் மறுபடி யாராவது கேட்டால் அதைத்தான் காட்டலாம் என்றிருக்கிறேன்.

பி.கு: 18 வயது முடிந்து 45 கிலோவுக்கு மேல் எடை இருந்தால், உடம்பு நன்றாக இருக்கிற யாரும் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அடுத்த முகாமுக்கு வகுப்பிலிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள் என்று பார்க்கிறேன்!