மோசி செய்தது

செஞ்சிக்கு அருகே தொண்டூர்க் குன்றில் சமணத் துறவியர் படுத்த கற்படுக்கைகளைத் தேடித்தான் ஏறினேன். கண் நின்றது அங்கிருந்த தமிழ்ப் பிராமி எழுத்தில். ஒரே ஒரு வரி. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. ஒருவர் ஏவ, அகழூரின் அறமாக, மோசி செய்த இருப்பிடம் இது என்பது சாரம். ஏவியவர், ஊர், செய்தவர், செய்த பொருள் என நான்கும் அதற்குள் அடங்கிவிட்டன. அந்த அகழூர்தான் பக்கத்திலிருக்கும் இன்றைய அகலூர் என்கிறார்கள். சமணர்கள் இன்றும் வாழும் ஊர் அது.

இறங்கி செஞ்சிக்குத் திரும்பும் வழியில், தகரக் கொட்டகைக்குள் உளிச் சத்தம் கேட்டது. அறுபதைத் தாண்டிய ஒருவர் கருங்கல் பலகையின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இறந்துபோன ஒரு பாட்டிக்கான நினைவுக்கல். மேலே படத்துக்கு இடம் விட்டு, இடப்பக்கம் ‘தோற்றம்’, வலப்பக்கம் ‘மறைவு’ என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

“இந்த ரெண்டு தலைப்பும் சரியா நின்னுட்டா, நடுவுல இருக்கற வாழ்க்கைய சனங்களே படிச்சுக்குவாங்க சார்” என்றார்.

அவர் வெட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ‘ற’வின் வளைவுக்கு உளியைச் சாய்த்து, நகக்கண் அளவு நகர்த்தி, சுத்தியால் மெல்லத் தட்டுகிறார். தூளை வாயால் ஊதிவிட்டு, பள்ளத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்க்கிறார். ஒரு சில்லு கூடுதலாகப் பெயர்ந்தால் பலகையே வீண். கூலி எழுத்துக் கணக்கு.

“புள்ளிக்கும் காசு உண்டா ஐயா?”

சிரித்தார். “புள்ளி இனாம். ஆனா அதுதான் கஷ்டம்.”

தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளியே கிடையாது. படிப்பவர்தான் மெய்யையும் உயிர்மெய்யையும் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சுவரில் சாய்ந்திருந்த பழைய கல்லொன்றில் ‘லை’ தும்பிக்கை தூக்கி நின்றது. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகும், வயதானவர்களின் பெயருக்கு அந்தப் பழைய எழுத்தையே கேட்பவர்கள் உண்டாம். “அவங்க கையெழுத்துல அப்படித்தானே போட்டாங்க?” என்பது அவர்கள் நியாயம். எழுத்தின் வடிவமே ஆளின் காலத்தைச் சொல்லிவிடுகிறது.

இப்போது கம்ப்யூட்டரில் எழுத்தை வெட்டி ஒட்டி, மணலைப் பீய்ச்சிக் கிரானைட்டில் பள்ளம் எடுக்கிறார்கள். ஒரு நாள் வேலை ஒரு மணியில் முடிகிறது. எல்லாப் பாட்டிகளுக்கும் ஒரே ‘ற’.

கிளம்பும்போது கேட்டேன்: “உங்க பேரை எங்கேயாவது வெட்டியிருக்கீங்களா?”

“நம்ம பேரு எதுக்கு சார்? உபயதாரர் பேருக்கே எடம் பத்தல.”

சோழர் காலக் கல்வெட்டுகளின் முடிவில் ‘இவை இன்னார் எழுத்து’ என்று கையொப்பமிடும் வழக்கம் இருந்தது. தொண்டூரில் மோசியின் பெயர் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளாகப் பாறையில் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலுக்கோ வீட்டுப் பெரியவருக்கோ கல் வெட்டக் கொடுக்கும்போது, கீழ் ஓரத்தில் ஒரு விரற்கடை இடம் விடச் சொல்லுங்கள். வெட்டியவர் பெயருக்கு அது போதும். அந்தச் சில எழுத்துகளுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள்.