எட்டு ஆம்பியர் போதும்

கருகிய மோட்டாரைப் பிரித்ததும், அது எப்படிக் கருகியது என்று காயிலே சொல்லிவிடும். ஸ்டாரில் கட்டிய மோட்டாரில் இரண்டு பேஸ் கரிக்கட்டையாகி ஒன்று மட்டும் புதுக் காயில் மாதிரி நின்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே லைனில் ஒரு பேஸ் போயிருக்கிறது. டெல்டாவில் கட்டியது என்றால் தலைகீழ். ஒன்று கருகும், இரண்டு தப்பிக்கும். ஒரு ஸ்லாட்டில் மட்டும் செம்பு உருகி உருண்டையாக நின்றால் அது ஷார்ட். மூன்று பேஸும் ஒரே சீராகக் கறுத்து, கையால் தொட்டாலே வார்னிஷ் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது ஓவர்லோடு. அந்த மோட்டார் ஒரே நாளில் கருகியிருக்காது. மாதக்கணக்கில் தன் சக்திக்கு மேல் இழுத்து இழுத்து வெந்திருக்கும்.

வாலிகண்டபுரத்தில் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை விட்டு இறங்கி எந்தப் பக்கம் போனாலும் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, எறையூர் ஆலைக்குப் போகும் கரும்பு. மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்பில்தான் நிற்கும். அதனால் கிணற்றை ஆழப்படுத்தினார்கள், பக்கவாட்டில் சைடு போர் போட்டார்கள், அப்புறம் நேராகவே போர் இறக்கினார்கள். ஆழம் கூடக் கூட எச்.பி.யும் கூடியது. வயல் ஓரத்து டிரான்ஸ்பார்மர் மட்டும் பல இடங்களில் பழைய அளவிலேயே நின்றுவிட்டது.

கணக்கைப் பார்ப்போம். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒரு பேஸுக்குத் தரக்கூடிய முழு லோடு சுமார் 133 ஆம்பியர். 5 எச்.பி. மோட்டார் ஒன்று ஓடும்போது ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். பதினைந்து மோட்டார் என்றால் 120. தாராளமாக ஓடலாம். அந்தப் பதினைந்தில் ஏழு பேர், மின்வாரியத்தில் பதிவு செய்த 5 எச்.பி.யை எடுத்துவிட்டு 7.5 எச்.பி. இறக்கியிருந்தால், அந்த ஏழு மட்டுமே 84 ஆம்பியர் இழுக்கும். மீதி எட்டுக்கு 64. மொத்தம் 148. டிரான்ஸ்பார்மர் எல்லையைத் தாண்டியாயிற்று. தாண்டிய அன்றே அது வெடிப்பதில்லை. எண்ணெய் சூடாகும், வோல்டேஜ் இறங்கும், லைனின் கடைசியில் இருப்பவர் வயலில் தண்ணீர் மெலியும்.

மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. பல்பு, வோல்டேஜ் குறைந்தால் மங்கி, கரண்டையும் குறைத்துக்கொள்ளும். மோட்டார் விடாது. தண்ணீரைத் தூக்கும் வேலை அப்படியே இருப்பதால், குறைந்த வோல்டேஜுக்கு ஈடாகக் கூடுதல் ஆம்பியரை இழுக்கும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வந்தால் கரண்ட் ஏறக்குறைய கால் பங்கு ஏறும். காயிலில் பிறக்கும் சூடு ஒன்றரை மடங்காகும். எல்லா மோட்டாரும் இப்படிக் கூடுதலாக இழுப்பதால் வோல்டேஜ் மேலும் இறங்கும். இறங்கினால் மேலும் இழுக்கும். காயில் இன்சுலேஷன் விஷயத்தில் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு, 10 டிகிரி சூடு ஏறினால் ஆயுள் பாதி என்பது. "கம்பெனி மோட்டாரே சரியில்லை தம்பி" என்று சொல்லிக்கொண்டு வருகிற மோட்டார்களில் பாதிக்கு மேல் இப்படிக் கருகியவைதான். கம்பெனி மேல் குற்றமில்லை. கடைக்கோடி வயலில் இருக்கும் அந்தப் பெரியவர் மேலும் குற்றமில்லை. லைனில் முன்னால் இருப்பவர் இழுத்த கூடுதல் ஆம்பியருக்கு இவர் காயில் கட்டும் கூலி கொடுக்கிறார். இந்தத் தொழிலில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

அதனால் மோட்டார் விற்கும் இடத்தில் பெரியதாகக் கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, போரில் எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்பதை. விநாடிக்கு 2 லிட்டர் ஊறும் போரில் 80 மீட்டர் உயரம் தூக்க, தண்ணீருக்கு மட்டும் 2 எச்.பி.க்குச் சற்று மேல் வேண்டும். பம்பில் வீணாவதையும் சேர்த்தால் நாலேகால். 5 எச்.பி. தாராளம். அதே போரில் 10 எச்.பி. இறக்கினால் அரை மணியில் போர் காய்ந்துவிடும். பிறகு காற்றைக் குடித்துக்கொண்டு ஓடும், நிற்கும், ஊறியதும் மறுபடி போடுவார்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் ஓடும் கரண்டைப் போல ஆறு மடங்கு ஒரு விநாடி இழுக்கும். பாறை கொடுக்காத தண்ணீரை எச்.பி. கொடுக்காது.

கிணற்று மோனோபிளாக் பம்பில் வேறொரு விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு நிறைந்து கிடக்கும்போதுதான் அது அதிகம் சுடும். யாரும் நம்ப மாட்டார்கள். "கிணறு ததும்புது, மோட்டாருக்கு என்ன தம்பி கஷ்டம்?" என்று என்னிடமே கேட்டார் ஒரு பெரியப்பா. கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை ஒரு பேஸ் ஒயரில் மாட்டிக் காட்டினேன். நேம் பிளேட்டில் 8 என்று அடித்திருந்த மோட்டார் 9.5 இழுத்தது. தண்ணீர் மட்டம் மேலே வந்துவிட்டால் தூக்கும் உயரம் குறையும். உயரம் குறைந்தால் இந்த வகைப் பம்பு அதிகத் தண்ணீரை வாரி அடிக்கும். அதிகத் தண்ணீர் என்றால் அதிக ஆம்பியர். கேட் வால்வை மெல்லத் திருகிக் கொஞ்சம் மூடச் சொன்னேன். 9. இன்னும் கொஞ்சம். 8.4. இன்னொரு அரைச் சுற்று. 8-க்கு வந்து நின்றது. மோட்டார் சத்தம் தணிந்தது அவர் காதுக்கே கேட்டது. வாய்க்காலில் போன தண்ணீர் அவர் பயந்த அளவுக்குக் குறையவில்லை. சித்திரையில் மட்டம் இறங்கும்போது வால்வைத் திரும்பத் திறந்துகொள்ளலாம். ஒரு பைசா செலவில்லாமல் ஆம்பியரைக் கட்டிப்போடும் வழி இது.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஓவர்லோடு ரிலே, மோட்டார் அளவுக்கு மேல் இழுத்தால் நிறுத்துவதற்கென்றே வைத்தது. அதில் ஒரு சின்ன முள், பக்கத்தில் ஆம்பியர் எண்கள். நான் திறந்து பார்க்கும் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த முள் கடைசி எண்ணில் நிற்கும். டிரிப் ஆகிறதே என்று யாரோ ஏற்றி வைத்திருப்பார்கள். ஸ்டார்-டெல்டா பெட்டியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அதில் ரிலே வழியாகப் போவது லைன் கரண்ட் முழுவதும் அல்ல, அதில் நூற்றுக்கு 58 பங்கு. 15 ஆம்பியர் இழுக்கும் 10 எச்.பி. மோட்டாருக்கு முள் 8.7-இல் நிற்க வேண்டும். 15-இல் வைத்தால் அந்த ரிலே இருந்தும் இல்லாதது போலத்தான். நேம் பிளேட்டைப் பார்த்து அப்படியே முள்ளைத் திருப்பும் வயர்மேன்கள் இருக்கிறார்கள். இந்த 58-ஐப் பட்டறைக்கு வரும் பையன்களுக்கு முதல் வாரமே சொல்லிவிடுகிறேன்.

பீஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றுவதும் இதே குற்றம்தான், இன்னும் பெரிய அளவில். பீஸ் அடிக்கடி போகிறது என்றால் லோடு அதிகம் என்று பொருள். கம்பியைத் தடிமனாக்கினால் பீஸ் தப்பிக்கும், டிரான்ஸ்பார்மர் போகும்.

ஓடும் லோடாவது பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் டிரான்ஸ்பார்மரை வாட்டியது, கரண்ட் வந்ததும் தானாகவே மோட்டாரைப் போடும் ஆட்டோ ஸ்டார்ட்டர். பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று முறை வைத்து மும்முனை மின்சாரம் விட்ட காலத்தில், நடு ராத்திரி எழுந்து வயலுக்குப் போய்ப் பாம்பையும் இருட்டையும் பார்த்தவர்களுக்கு ஆட்டோ பெரிய வரம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கரண்ட் வந்த அந்த நொடியில் பதினைந்து ஆட்டோவும் ஒன்றாக மோட்டாரைத் தட்டிவிடும். கிளம்பும்போது ஆறு மடங்கு, அதாவது 48 ஆம்பியர் வீதம் பதினைந்து மோட்டார் என்றால் 720. எல்லையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பீஸ் போகும், லைன்மேனைத் தேடுவார்கள், அவர் வந்து போட்டதும் மறுபடி எல்லாம் ஒன்றாகத் தட்டும், மறுபடி போகும்.

ஆட்டோ பெட்டியில் தாமதம் வைக்கும் திருகு ஒன்று இருக்கிறது. கம்பெனி வைத்து அனுப்பிய அதே சில விநாடிதான் எல்லார் பெட்டியிலும் இருக்கும். ஊருக்கு மேற்கே ஒரு டிரான்ஸ்பார்மரில் இருப்பவர்களைக் கூட்டி வைத்துப் பேசினோம். மூன்று மூன்று மோட்டாராகப் பிரித்து, ஒரு அணிக்கும் அடுத்த அணிக்கும் அரை நிமிடம் இடைவெளி. கடைசி அணி போடும்போதுகூட, ஓடிக்கொண்டிருக்கும் பன்னிரண்டுக்கு 96, புதிதாகக் கிளம்பும் மூன்றுக்கு 144, ஆக 240 ஆம்பியர் ஓரிரு விநாடி. பீஸ் அதைத் தாங்கும். கடைசி அணிக்கு இரண்டு நிமிடம் தாமதம்.

அந்த இரண்டு நிமிடத்துக்கு நடந்த பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. "அவன் போர் முதல்ல ஓடினா என் ஊற்று அங்க போயிரும்" என்றார் ஒருவர். லைனின் கடைசியில் இருப்பவர்களை முதல் அணியாக வைப்பது என்று முடிவானது. லைன் காலியாக இருக்கும்போது போட்டால்தான் அவர்கள் மோட்டார் கிளம்ப வேண்டிய வோல்டேஜ் அவர்களுக்குக் கிடைக்கும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருப்பவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். வேறு செலவு எதுவும் இல்லை. திருப்புளியும் கைக்கடிகாரமும் போதுமாக இருந்தன.

கெபாசிட்டரும் இப்படிப் பிறருக்காகப் போடும் சாமான்தான். 5 எச்.பி.க்கு 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் ஒன்று சரியாக வேலை செய்தால் லைனில் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் குறையும். மோட்டார் காயிலுக்குள் ஓடும் கரண்ட் மாறாது. ஒயரிலும் டிரான்ஸ்பார்மரிலும் ஓடுவது குறையும். பதினைந்து பேரும் போட்டால் இன்னும் இரண்டு மோட்டார் ஓடும் அளவுக்கு இடம் பிறக்கும். போட்டவருக்கு லாபம் கண்ணில் படாததால், பல பெட்டிகளில் அது உப்பி, எண்ணெய் ஒழுகி, பேருக்கு நிற்கிறது. இரண்டு பேஸ் வரும் நேரத்தில் மும்முனை மோட்டாரை ஓட்டுவதற்குப் போடும் கண்டென்சர் வேறு, அது பகை. அதை மாட்டித் தரச் சொல்லி வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இலவச மின்சாரத்தால்தான் இப்படி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்து விவசாயிகள் நடத்திய மின் கட்டணப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது அது. அது இல்லாமல் இந்தப் பாறைக்காட்டில் வெங்காயம் விளையாது. ஆனால் மீட்டர் இல்லாத சர்வீஸில் ஆம்பியரைக் காட்ட எதுவும் இல்லை என்பது உண்மை. பில் வராதவருக்கு அளவு தெரிய வழியில்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டர் பெட்டியிலும் ஓர் ஆம்பியர் மீட்டர் மட்டும் ஓடும் நிலையில் இருந்தால் எங்கள் பட்டறை வேலை பாதியாகும், ஆகட்டும்.

அளவறிந்து இழுப்பது எப்படி என்று நான் நன்றாகப் பார்த்தது சோலார் பம்பில். 5 எச்.பி.க்கு 4,800 வாட் பேனல். மேகம் மறைத்தால் பேனல் தருவது சட்டென்று குறையும். அப்போதும் மோட்டார் முழு வேகத்தில் இழுக்கப் பார்த்தால் பேனலின் வோல்டேஜ் அப்படியே படுத்துவிடும், எல்லாம் நின்றுவிடும். அதற்கு இடம் கொடுக்காமல் கன்ட்ரோலர் உடனே ஹெர்ட்ஸைக் குறைக்கிறது. 50-லிருந்து 40-க்கு வந்தால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, லோடு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. தண்ணீர் மெலிந்தாலும் ஓட்டம் நிற்காது. வெயில் வந்ததும் தானே ஏறிக்கொள்ளும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. வேகம் அந்த அளவு குறைந்தால் தூக்கும் உயரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஆழமான போரில் குழாய்க்குள் தண்ணீர் பாதி வழியில் நிற்கும். ஆழ போருக்கு இது முழு மருந்தாகாது.

அளவு மீறி இழுத்தால் எல்லாம் படுத்துவிடுவது நாடு அளவிலும் நடந்ததுதான். 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்திய மின்தொடர் சரிந்தது. பீனா–குவாலியர் லைன் தாங்க முடியாத லோடில் விழுந்ததில் தொடங்கி, இரண்டாம் நாள் சுமார் 62 கோடிப் பேர் இருட்டில் இருந்தார்கள். ஒதுக்கிய அளவுக்கு மேல் சில மாநிலங்கள் இழுத்தது காரணங்களில் ஒன்று. தென் மாநிலங்களின் மின்தொடர் அப்போது வடக்கோடு ஒரே ஓட்டத்தில் இணைக்கப்படாததால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக இணைந்தோம்.

மோட்டார் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். வெங்காய நடவுக்கு முன்னால் ஒரு நாள் மெயினை ஆஃப் செய்துவிட்டு, தெரிந்த வயர்மேனை வைத்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ரிலே முள் எந்த எண்ணில் நிற்கிறது, கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா, ஆட்டோ எத்தனை விநாடியில் தட்டுகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். பிறகு மோட்டாரை ஓடவிட்டு, அவர் டாங் டெஸ்டரில் காட்டும் ஆம்பியரை நேம் பிளேட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். டிரான்ஸ்பார்மர் பக்கம் மட்டும் யாரும் போகாதீர்கள். அங்கே பீஸ் போட வேண்டியவர் லைன்மேன்.