அனலிடைச் செல்லும் துளி

சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போரை நின்று பார்ப்பதில் எனக்கு என்றும் விருப்பம் உண்டு. சுண்ணாம்பின் பெரும்பகுதி நீரில் கரைவதில்லை, நுண்துகளாய் மிதக்கிறது. நீர் உலர்கிறது, துகள் சுவரில் தங்குகிறது. நீர் வெறும் ஊர்தியே. விமான எந்திரத் தகடுகளுக்குக் காப்புப் பூச்சு இடும் அறிஞரும் இம்முறையை நாடினர் என்று படித்தபோது பெரிதும் வியந்தேன்.

அத்தகடுகளின் நிலை இரங்கத்தக்கது. அவற்றின்மேல் பாயும் வளி, அவ்வுலோகத்தையே உருக்கவல்ல வெப்பமுடையது. உள்ளே ஓடும் குளிர்காற்றும், வெளியே ஜிர்கோனியா என்னும் பீங்கான் போர்வையும் அவற்றைக் காக்கின்றன. போர்வை உரிந்தால் தகடு கெடும். தகடு கெட்டால் வானில் செல்வோர்க்கு உறுதி ஏது?

ஜிர்கோனியா உருக ஏறத்தாழ 2,700 டிகிரி வெப்பம் வேண்டும். ஆகவே 10,000 டிகிரிக்கும் மேற்பட்ட பிளாஸ்மா என்னும் அனலில் அதன் பொடியைச் செலுத்தி, உருக்கித் தெளிப்பர். பொடி நுண்ணியதாயின் பூச்சும் நுண்மை பெறும். ஆனால் நானோ துகள்கள் மிக இலேசானவை. காற்றால் ஊதினால் அனலுக்குள் புகாமல் ஒதுங்கிவிடும். எனவே அவற்றை நீரிலோ எரிசாராயத்திலோ கலந்து, துளியாக்கிச் செலுத்துகின்றனர்.

அனலின் வேகம் துளியைச் சிதைக்கிறது. எரிசாராயத்தின் பரப்பு இழுவிசை நீரினும் குறைவு. ஆதலால் அது எளிதில் சிறு துளிகளாய் உடையும். துகள்கள் மிகுந்தால் கலவை குழம்புபோல் தடித்து, உடைய மறுக்கும்.

பின்னர் நீர்மம் ஆவியாகிறது. துளியின் புறப்பரப்பு சுருங்கச் சுருங்க, அங்குள்ள துகள்கள் நெருங்குகின்றன. அவை உள்நோக்கி நகரக் காலம் வாய்த்தால் துளி கெட்டியான உருண்டையாகும். வாய்க்காவிடில் வெளியே ஓடு கட்டிக்கொள்ளும், உள்ளே வெறுமை. சிலபோது அகத்தே சிக்கிய ஆவி ஓட்டை வெடித்துவிடுவதும் உண்டு. இவையனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடுகின்றன!

எஞ்சியவை உருகித் தகட்டை அடைகின்றன. மிகச் சிறியவற்றை, தகட்டின்மேல் படர்ந்தோடும் வளி பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். அவை நேரே மோதாமல், மேடுகளின் விலாவில் ஒட்டுகின்றன. மேடுகள் தூண்களாய் வளர்கின்றன. தூண்களிடையே மயிரிழை போன்ற இடைவெளிகள் தோன்றுகின்றன. இவ்விடைவெளிகளையே நான் பெரிதும் பாராட்டுவேன். வெப்பத்தில் உலோகம் பீங்கானைவிட மிகுதியாக விரியும். பூச்சு ஒரே பாளமாயின் அவ்விரிவைத் தாங்காது பிளந்து உரியக்கூடும். தூண்களோ உலோகத்தோடு சிறிது விலகி நின்று, எந்திரம் தணிந்ததும் மீண்டும் நெருங்கிக்கொள்கின்றன.