முள் சொன்ன பொய்

ஆடித் திருவிழா நல்லபடியா முடிஞ்சது. அன்னதானத்துக்குக் கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி. இந்தத் தடவை படம் போடல, ஒரு தப்பை ஒத்துக்க வந்திருக்கோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

பீடோங் பக்கம் எங்க தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு பழைய பிக்அப் இருக்கு. அரிசி, காய்கறி, கேஸ் தோம்பு, நாற்காலி எல்லாம் அதுலதான் வரும். ஓட்டுறது ஒரு தம்பி. அவங்க பாட்டி இதே தோட்டத்துல கித்தா மரம் வெட்டுனவங்க. சம்பளம் கிடையாது, சேவைதான்.

2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்ன நூறு வெள்ளிக்கு 46 லிட்டர் வந்துச்சு. அப்புறம் 30 லிட்டர்கூட முழுசா வரல. இது தெரிஞ்சும், மீட்டர் முள் சட்டுனு இறங்குறதைப் பார்த்து எங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை நூறு வெள்ளிக்கு ஊத்துனா ஞாயித்துக்கிழமை முள் கீழ கிடக்கும். கைக்காசும் போட்டு ஊத்துனோம். அப்பவும் ஏறல.

ஒரு நாள் பூஜை முடிஞ்சதும், நாலு பேர் முன்னால, "எண்ணெய் எங்கப்பா போகுது?"ன்னு கேட்டுட்டோம். தம்பி ஒண்ணும் பேசல. சாவியை மேசையில வச்சுட்டுப் போயிட்டான். மறு வாரம் வரல.

அந்த ஞாயிறு நாங்களே வண்டியை எடுத்துக்கிட்டு சுங்கை பட்டாணிக்குக் காய்கறி வாங்கப் போனோம். முள் காலுக்கும் கீழ இருந்துச்சு. ஸ்டேஷன்ல நூறு வெள்ளி கட்டிட்டு ஊத்துனா, நாற்பது வெள்ளி வரும்போதே பம்ப் டக்குனு நின்னுடுச்சு. டேங்க் நிறைஞ்சு வழியுற மாதிரி இருந்துச்சு. முள் மட்டும் காலைக் கொஞ்சம்தான் தாண்டுச்சு. எண்ணெய் எங்கயும் போகல, எல்லாம் டேங்க்குள்ளதான் இருந்திருக்கு. கவுண்டர்ல மீதி அறுபது வெள்ளியை வாங்கும்போது கை கூசிடுச்சு. டாஷ்போர்டைத் திறந்து பார்த்தா, தம்பி வாங்குன ரெசிட் எல்லாம் ரப்பர் போட்டுக் கட்டி வச்சிருக்கான். நாங்கதான் ஒரு நாளும் திறந்து பார்க்கல.

மறுநாள் போர்மேன்கிட்ட காட்டினோம். டேங்க்குள்ள ஒரு மிதவை இருக்குமாம். எண்ணெய் ஏறி இறங்குற மாதிரி அதுவும் ஏறி இறங்கும். அதுக்கேத்த மாதிரி மின்சாரத் தடை மாறும், முள் அதைத்தான் காட்டும். எங்க வண்டியில டேங்க் பக்கத்துல எர்த் வயர் போல்ட் துருப்பிடிச்சுப் போச்சு. தோட்டத்துச் சேறு செஞ்ச வேலை. துரு கூடுதல் தடை கொடுத்ததால முள் எப்பவும் கம்மியாவே காட்டியிருக்கு. மணல்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினார், முள் நேரா மேல ஏறிடுச்சு. கால் மணி நேர வேலை.

எங்களுக்கு வெட்கமே இதுலதான். கூலிம் பேக்டரியில இத்தனை வருஷமா சூப்பர்வைசர் வேலை பார்க்கிறோம். அளவு தப்பா வந்தா முதல்ல கருவியைச் சரிபார், அப்புறம் ஆளைக் கேளுன்னு புதுசா வர்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறதே நாங்கதான். கோயில்ல அதை மறந்துட்டோம்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனோம். பாட்டி தே-ஓ போட்டுக் கொடுத்தாங்க. மன்னிப்புக் கேட்டோம். "பரவால்ல அங்கிள். ஆனா தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்"னு மட்டும் சொன்னான். அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. நாலு பேர் முன்னால கேட்ட கேள்விக்கு நாலு பேர் முன்னாலதான் பதில் சொல்லணும்னு, அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் நடந்ததை எல்லாரிடமும் சொன்னோம். அங்க வராதவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

இப்ப வண்டியில ஒரு நோட்டு இருக்கு. ஒவ்வொரு தடவையும் டேங்க் நிறைய ஊத்தி, ஓடுன கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதுறோம், ரெசிட்டை ஒட்டுறோம். முள்ளை மட்டும் நம்புறதில்ல. மத்த கோயில் நிர்வாகத்துக்கும் இதைச் சொல்லிக்கிறோம். நோட்டு யாரையும் சந்தேகப்பட இல்ல, சேவை செய்ற பிள்ளைகளுக்கு அது ஒரு பாதுகாப்பு.

தம்பி திருவிழாவுக்கு வந்தான். அரிசி மூட்டை எல்லாம் அவன்தான் ஏத்திட்டு வந்தான். சாவி இப்ப அவன்கிட்டதான் இருக்கு.

ஓம் சக்தி.