பின்சில்லுக்குப் பலம் கூட்டினால் கார் நிற்காது

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியோடு சேர்த்து விலை கேட்டவர்களில் பலர், இருக்கிற பழைய காரையே திருத்தி ஓடுவோம் என்று திரும்பிவிட்டார்கள். வன்னியில் அந்தத் திருத்த வேலை யார் கையில் இருக்கிறது என்று அறிய ஆசைப்பட்டேன். "செட்டிகுளத்தில ஒரு ஐயா இருக்கிறார். பிரேக் வேலை எண்டால் மன்னாரிலயிருந்தும் அவரிட்டைத்தான் வருவினம்" என்று வவுனியா நண்பர் ஒருவர் வழி சொன்னார்.

வவுனியாவிலிருந்து பறையனாலங்குளம் போகும் வீதியில் இருக்கிறது செட்டிகுளம். வீதி நல்ல வீதி. அதனால் வேகம் தானாக வரும். அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். மாலையில் மாடுகள் பட்டிக்குத் திரும்பும். இந்த வீதியில் ஓடுகிறவருக்கு எஞ்சினைவிடப் பிரேக்தான் முக்கியம்.

வேப்பமர நிழலில் தகரக் கூரை போட்ட கராஜ். உள்ளே ஒரு மொரிஸ் மைனர் பின்சில்லுகள் கழற்றப்பட்டு நின்றது. சொந்தக்காரர் முப்பது வயதுக்குள் உள்ள இளைஞர். பழைய 948 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு டட்சன் சன்னியின் 1200 சிசி எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பூட்டியிருந்தார். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்த்த நாள்முதல் அவருக்கு இந்த ஆசையாம். வேகம் வந்துவிட்டது, நிறுத்தும் பலம் போதவில்லை. அதனால் பின்சில்லுகளுக்கு ஒரு சுற்றுப் பெரிய வீல் சிலிண்டர்கள் இரண்டை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

ஐயா அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "தம்பி, பின்னுக்குப் பலத்தைக் கூட்டினா கார் நிக்காது, சுத்தும்."

கணக்கு எளிது. மிதியை மிதித்தால் பிரேக் ஒயில் சிலிண்டருக்குள் உள்ள பிஸ்டனைத் தள்ளும்; பிஸ்டன் பிரேக் சூவை ட்ரம்மோடு அழுத்தும். பிஸ்டனின் பரப்பு கூடினால் தள்ளும் விசையும் கூடும். முக்கால் அங்குல விட்டத்தை எட்டில் ஏழு அங்குலமாக்கினால், கண்ணுக்கு அரைக்கால் அங்குலந்தான் வித்தியாசம். விசையோ 36 வீதம் ஏறிவிடும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னுக்குப் பாய்கிறது. மூக்குத் தாழ்ந்து வால் எழும்புகிறது. பாரம் குறைந்த பின்சில்லுக்குக் கூடுதல் விசை கொடுத்தால் அதுதான் முதலில் இறுகி நிற்கும். இறுகிய பின்சில்லு வழுக்கும்; காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். நெல் காயும் வீதியில் அது நடந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு பெரிய சிலிண்டர் கூடுதல் ஒயில் குடிக்கும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றாவிட்டால் மிதி இன்னும் ஆழமாய் இறங்கும்.

"கொம்பனிக்காரனே என்ன செய்தவன் தெரியுமோ?" என்று கேட்டார் ஐயா. 1962இல் மைனருக்கு 1098 சிசி எஞ்சின் போட்டபோது முன்சில்லு ட்ரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள். பின்சில்லை 7 அங்குலத்திலேயே விட்டார்கள். எஞ்சின் பெரிதானால் முதலில் பார்க்கவேண்டியது முன்சில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் இந்தக் காருக்கு நிறுத்தும் பலம் ஏன் போதவில்லை? மைனரின் பின்சிலிண்டர் பின்தட்டில் இறுக்கிப் பூட்டப்பட்டதல்ல. நீண்ட துளையொன்றில் நகரக்கூடியது. பிஸ்டன் ஒரு சூவைத் தள்ளும்போது சிலிண்டரின் உடம்பு எதிர்ப்பக்கம் நகர்ந்து மற்றச் சூவைத் தள்ளும். ஐயா சிலிண்டரைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார், அசையவில்லை. சேறும் துருவும் சேர்ந்து பிடித்திருந்தன. ஒரு சூ தேய்ந்திருக்க, மற்றது ஏறத்தாழப் புதிதாகவே இருந்தது. இவ்வளவு காலமும் இந்தச் சில்லுக்குப் பாதிப் பிரேக்தான்.

சிலிண்டரைக் கழற்றித் தூசுக் கவரை உரித்ததும் கறுத்த ஒயில் வழிந்தது. அப்போதுதான் அவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு தடியை எடுத்தார். முதிரை மரத்தில் செதுக்கிய, விரல்மொத்தத் தடி. ஒரு முனையில் வாளால் கீறிய பிளவு. பிளவுக்குள் மெல்லிய எமரித் தாளின் ஓரத்தைச் செருகி, தடியைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினார். தாளைப் பிரேக் ஒயிலில் நனைத்துச் சிலிண்டருக்குள் விட்டு, மறுமுனையைக் கைத்துளைப்பானில் பூட்டி மெதுவாகச் சுழற்றினார். தடியை உள்ளும் வெளியும் இழுத்தபடியே இருந்தார். ஓரிடத்தில் நின்றால் அங்கே பள்ளம் விழும். பிறகு துடைத்துச் சுண்டுவிரலை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விரலில் தட்டுப்படும் துருக்குழி, ஒயில் கசியாமல் காக்கும் ரப்பர் கப்பைக் கிழிக்கும். குழி ஆழமென்றால் சிலிண்டரைக் கடைந்து ஸ்லீவ் அடிக்கவேண்டும், இதற்குத் தேவைப்படவில்லை.

அந்தத் தடிக்கு ஒரு கதை உண்டு. ஐயா வவுனியா கராஜ் ஒன்றில் வேலை பழகி, பிறகு முல்லைத்தீவுப் பக்கம் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தவர். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். "எல்லாத்துக்கும் மண்ணெண்ணெய்தான். ஆனா பிரேக் கப்பை மட்டும் மண்ணெண்ணெயால கழுவ விடமாட்டன்" என்றார். மண்ணெண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும். ஊதிய கப் சிலிண்டருக்குள் இறுகிவிடும். 2009 மேயில், போரின் இறுதி நாட்களில், வட்டுவாகல் கடக்கும்போது கருவிப் பெட்டியை விட்டுவிட்டு வந்தார். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்த மெனிக்பாம் முகாம் செட்டிகுளத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முகாமிலிருந்து விடுபட்டவர் ஊர் போகவில்லை, இங்கேயே தங்கினார். முதலில் செய்த கருவி இந்த முதிரைத் தடி. அதற்குத்தான் காசு தேவைப்படவில்லை என்றார்.

கப் மாற்றிப் பூட்டியதும், எயர் எடுத்ததும் நீண்ட வேலை, அதை விரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது கப்பின் விலையைக் கேட்டபோது. விரலால் நசுக்கினால் மடிந்து அப்படியே கிடக்கும் போலிக் கப்பும், நல்ல கப்பும் ஒரே மாதிரிப் பெட்டியில் வருகின்றன. கொழும்பிலிருந்து இங்கே வருவதற்குள் கைமாறும் ஒவ்வொருவரும் தன் பங்கை ஏற்றுகிறார். எவரும் பொறுப்பேற்பதில்லை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்குகிறது. அதைத் திறந்த டின்னிலிருந்து சோடாப் போத்தலில் ஊற்றி விற்கிறார்கள். மைனர் போன்ற பழைய கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் வழிதான். ஒரு கப் கிழிந்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். கப்பை விற்றவர் இலாபத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். விபத்து நடந்தால் ஊர் கேட்பது "எந்த கராஜில செய்தது?" என்றுதான். கைவேலைக்கு ஐயா கேட்ட கூலியோ, அந்த இளைஞர் வாங்கிவந்த தேவையில்லாத சிலிண்டர்களின் விலையில் சிறு பங்கு.

அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காரின் பிரேக்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அறுபது வருடக் கார்கள் இன்னும் பல வருடம் ஓடப்போகிற நாட்டில் இது பெரிய குறை. படிப்புச் சான்றிதழ் இல்லாமலே தொழில் தேர்ந்தவர்களுக்கு, முன்கற்றலை அங்கீகரித்துத் தேசிய தொழிற்றகைமை வழங்கும் முறை இலங்கையில் உண்டு. ஐயா போன்றவர்களைத் தேடி அது கராஜ் வாசலுக்கு வரவேண்டும். அவரிடம் இப்போது ஒரேயொரு பையன்தான் வேலை பழகுகிறான்.

இளைஞர் கடைசியில் ஒத்துக்கொண்டார். பின்சில்லில் பழைய அளவுச் சிலிண்டரே, இப்போது தடையின்றி நகரும்படி. அடுத்த மாதம் முன்சில்லுக்கு 8 அங்குல ட்ரம். அதன்பிறகு ஓட்டிப் பார்த்துத்தான் பின்சில்லைப் பற்றி யோசிப்பதாம். முன்னுக்குத் தட்டுப் பிரேக் போடுகிறவர்களுக்குப் பின்சிலிண்டரைச் சிறிதாக்கக்கூட வேண்டிவரும் என்றார் ஐயா. பெரியது பூட்டுங்கள் என்று கேட்டு வருகிறவரிடம் வேண்டாம் என்று சொன்னால் ஒரு கூலி போகும். அது தெரிந்தும் சொல்கிறவரிடம்தான் காரைக் கொடுக்கவேண்டும். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கவேண்டும்.