துறைகள் பல, துறைமுகம் ஒன்று

ஆய்தல் என்னும் சொல்லை நம் வீட்டுப் பெண்டிர் நாள்தோறும் வழங்குகின்றனர். கீரை ஆய்தல், பூ ஆய்தல் என்னுமிடத்து வேண்டாதன களைந்து வேண்டுவன கொள்ளுதலே அதன் பொருள். தொல்காப்பியர் உரியியலில் இச்சொல்லை நுணுகுதற் பொருளில் வைத்தார். அடுக்களை வழக்கும் இலக்கண வழக்கும் கலந்தே இன்று பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்கும் 'ஆய்வு' பிறந்தது எனலாம். துறை என்பதும் இத்தகைய சொல்லே. படகு கட்டுமிடம் துறை. ஆற்றில் இறங்குமிடம் துறை. அகப்பொருளிலும் புறப்பொருளிலும் துறைகள் உண்டு. கல்லூரியில் இயற்பியலுக்கு ஒரு துறை, வணிகவியலுக்கு ஒரு துறை, தமிழுக்கு ஒரு துறை. ஆயின் ஒரு துறையில் நீராடுவோர் அடுத்த துறையில் யார் இறங்கினார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. தமிழாய்வு அறிவியல், தொழில் ஆகியவற்றின் ஆய்வுகளோடு எங்கே கைகோக்கக் கூடும் என்பதைக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட நிலத்தைக் கொண்டே காண முற்படுவோம்.

கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் இருப்பது பரங்கிப்பேட்டை. முகமது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் பெயர் கொண்ட பழந்துறைமுகம். நம் உம்மாவின் பிறந்தகமும் அதுவே. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கியபோது ஆதரித்த வள்ளல் சீதக்காதி இடையில் மறைந்துவிட, அக்காப்பியப் பணி தொடரப் பொருளுதவி செய்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் என்பதை இலக்கிய வரலாறு பயின்றோர் அறிவர். அதே ஊரின் ஆற்று முகத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் அமைந்துள்ளது. ஆர். வி. சேஷய்யாவின் முயற்சியால் உருப்பெற்ற அந்நிலையம் 1960களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் உயர் ஆய்வு மையம் என்னும் ஏற்பைப் பெற்றது. காப்பியத்துக்குக் கொடை தந்த கரையும், கடலின் நுண்ணுயிரை உருப்பெருக்கியில் காணும் கரையும் ஒன்றே.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது ஒன்றும் அங்கு இருந்தது. அதனை நம்மவர் பெரிதும் மறந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830 இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்து இரும்புத்தாது கொணரப்பட்டது; உலைக்கு எரிபொருள் மரக்கரி. ஆலை செழிக்கவில்லை. மரக்கரியை நம்பிய தொழிலுக்குக் காடு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்? ஆனால் ஹீத் ஆலை முதலாளியாக மட்டும் இருந்துவிடவில்லை. நம் நாட்டுக் கொல்லர் உருக்குச் செய்யும் முறையைக் கூர்ந்து நோக்கி, 1839 இல் கட்டுரையாக எழுதினார். இரும்புத் துண்டோடு ஆவாரம் விறகைச் சிறிது சிறிதாக நறுக்கிக் களிமண் மூசையில் இட்டு, மேலே எருக்கிலை போன்ற பச்சிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து ஊதுலையில் வைப்பர் என்பது அவர் தரும் செய்தி. விறகிலும் இலையிலும் உள்ள கரி இரும்பிற் கலந்து உருக்காகிறது. ஏட்டில் எழுதாத இம்முறையைக் கையாலும் கண்ணாலும் காத்து வந்தவர்கள் பெயர் தெரியாத கொல்லர்கள்.

அதே 1839 இல் ஹீத் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை பெற்றார். மாங்கனீசும் கரியும் கூடிய சேர்மத்தை மூசையில் இட்டால் உருக்கு நன்கு பற்றவைக்க ஏற்றதாகும், விலையும் குறையும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஷெஃபீல்டு உருக்காலையினர் பெரும்பயன் பெற்றனர். ஆனால் காப்புரிமையில் 'சேர்மம்' என்று எழுதியிருந்தமையால், மாங்கனீசு ஆக்சைடைத் தனியாகவும் கரியைத் தனியாகவும் இட்டால் அது ஹீத்தின் முறை ஆகாது என்றனர் சிலர். மூசைக்குள் இரண்டும் கூடிவிடும் என்பது வேதியியல். ஆவணத்தில் அச்சொல் இல்லை என்பது சட்டம். வழக்கு அவர் மறைவுக்குப் பின்னும் நீண்டு 1855 இல் பிரபுக்கள் அவை வரை சென்றது. தீர்ப்பு அவர் தரப்புக்கு எதிராகவே அமைந்தது. வேதியியலும் தொழிலும் சட்டமும் கடைசியில் ஒரு சொல்லின் எல்லை எது என்ற வினாவில் வந்து நின்றன. இது தமிழ் ஆசிரியர்க்கு அயலான வினாவா? நன்னூல் உரைகளில் நாம் நாளும் நடத்தும் வினாவே இது.

நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகச் சிதம்பரத்தில் பயின்ற நாள்களில், பரங்கிப்பேட்டையிலிருந்து பேருந்தில் செல்வதுண்டு. கடல் உயிரியல் மாணவர்கள் சிலரும் மீன் மாதிரிகள் அடங்கிய கண்ணாடிப் புட்டிகளுடன் ஏறுவர். ஒருநாள் ஓர் இளைஞர் கையிலிருந்த புட்டியைப் பக்கத்து இருக்கை மீன்காரம்மா உற்றுப் பார்த்தார். "ரெண்டும் மடவைன்னு ஒரே சீட்டு ஒட்டியிருக்கியே தம்பி, ரெண்டும் ஒண்ணு இல்ல. மூஞ்சியப் பாரு" என்றார். இளைஞர் முதலில் நகைத்தார். பின்னர் புட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிதம்பரம் வருமுன் குறிப்பேட்டை எடுத்து அந்த அம்மாவிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். அவருடைய நெறியாளர் அதனை ஏற்றாரா என்பதை நாம் கேட்டறிய வாய்க்கவில்லை. எனினும் மீன்வகைப் பாகுபாடு என்பது லத்தீனில் மட்டும் நிகழ்வதன்று என்பது அன்று நம் மனத்தில் பதிந்தது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் பிச்சாவரக் காட்டில் இது இன்னும் தெளிவாகும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரை ஈந்த தில்லை மரத்தைக் காணவேண்டின் அங்கேதான் செல்லவேண்டும். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு. மேலைத் தாவரவியலார் அம்மர இனத்துக்கு இட்ட எக்ஸ்கோகேரியா என்ற பெயரும் குருடாக்குவது என்னும் பொருளுடையதே. தலபுராணம் தலமரமாகப் போற்றுகிறது. தாவர நூல் நச்சுப்பால் மரம் என எச்சரிக்கிறது. விறகு வெட்டுவோர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டுகின்றனர். மூன்றும் ஒரே மரத்தைப் பற்றிய அறிவுதான்.

அக்காடு ஒரு காலத்தில் கூறு கூறாக முற்றும் வெட்டப்பட்டது. வெட்டிய இடம் வெயிலிற் காய்ந்து தொட்டி போல் தாழ, கடல்நீர் தேங்கி உப்பு மிகுந்து, செடி முளையாதாயிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் கூடி 1990களில் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்தனர். நீர் ஓடியதும் நட்ட செடி பிடித்தது. இவ்வளவு எளிய தீர்வுக்கு எத்தனை அளவைகள் வேண்டியிருந்தன என்பதை அவர்தம் அறிக்கைகளிற் காணலாம்.

2004 டிசம்பர் 26 அன்று கடற்கோள் வந்தது. கடலூர் மாவட்டம் பட்ட துயரை இங்கு விரித்தல் வேண்டா. நம் மாணவர் சிலர் வீட்டிலேயே அது நேர்ந்தது. அடுத்த ஆண்டே பரங்கிப்பேட்டை மையத்தின் க. கதிரேசனும் ந. ராஜேந்திரனும் இக்கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து, காடு சூழ்ந்த ஊர்களில் உயிரிழப்புக் குறைவு என்று எழுதினர். 2005 இல் 'சயின்ஸ்' இதழில் வந்த வேறொரு கட்டுரையும் கடலூர்க் கரையை ஆராய்ந்து மரங்களின் காப்பைச் சுட்டியது. ஆனால் 2006 இல் வேறு ஆய்வாளர் சிலர், கதிரேசன் தந்த எண்களையே மறுபடி கணக்கிட்டு, ஊர் கடலுக்கு எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம் என்பவையே இழப்பைப் பெரிதும் தீர்மானித்தன, காட்டின் பங்கு இவ்வெண்களால் உறுதிப்படவில்லை என்று மறுத்தனர். இம்மறுப்பைக் கேட்டுச் சினப்போர் உண்டு. நம் கருத்தில் இதுவே ஆய்வின் மாண்பு. காட்டை வளர்க்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. காட்டை மட்டும் நம்பிக் கரையோரத்தில் மீண்டும் குடிசை கட்டலாமா என்பதே வினா. அதற்கு விடை தவறினால் இழப்பு தாளில் நிகழாது.

இவ்விவாதத்தில் தமிழ்த்துறைக்கு ஓர் இடம் உண்டு. இத்தகைய காட்டை அலையாத்தி என்கின்றனர். 'அலையை ஆற்றுவது ஆதலின் அலையாத்தி. நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். ஆற்றி என்பது பேச்சில் ஆத்தி ஆகும் என்பது உண்மையே. ஆனால் ஆத்தி என்பது சோழர் சூடிய பூவைத் தரும் மரத்தின் பெயருமாகும். அலைவாய்க் கரையில் நிற்கும் ஆத்தி போன்ற மரம் என்றும் அச்சொல் அமைந்திருக்கலாம். எது முந்தியது என்பதை எந்தக் கரையில் யார் எப்பொருளில் வழங்குகின்றனர் என்று தேடித்தான் சொல்ல முடியும். பிச்சாவரத்தார் வாயில் சுரபுன்னை என்ற பெயரே மிகுதி. சொற்பிறப்பைச் சான்றாகக் காட்டுமுன் அச்சொல்லை ஆய்ந்திருத்தல் வேண்டாவா? மரைக்காயர் என்ற பெயரை மரக்கலத்திலிருந்து பெறுவோரும், கப்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பெறுவோரும் இன்றும் வழக்கிடுகின்றனர். ஆர்வத்தால் முடியும் வழக்கன்று அது.

துறை கடந்து செல்லும் துணிவு இம்மண்ணுக்குப் புதிதன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931 இல் பொறுப்பேற்ற விபுலானந்த அடிகள் அறிவியல் பட்டதாரி. மட்டக்களப்புப் பகுதியிலிருந்து வந்த அப்பெருமகனார், பழந்தமிழ் நூல்களிற் கண்ட யாழ் வகைகளை ஒலியியலும் கணக்கும் கொண்டு ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். இளங்கோவடிகளைப் படிக்க அவருக்கு நரம்பின் நீளமும் சுருதியின் விகிதமும் தேவைப்பட்டன. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் காலத்தில் அங்கு வளர்ந்த மொழியியல் துறை, ஊர் ஊராகச் சென்று பேச்சுவழக்குகளை ஒலிப்பதிவு செய்தது. நெய்வேலியிலும் இத்தகைய பணிக்கு இடமுண்டு. 1956 இல் நிறுவப்பெற்ற நிறுவனம் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீரை இடைவிடாது இறைத்தே சுரங்கம் அகழ்கிறது. நிலவியலார் நீரை அளக்கின்றனர். சுரங்கத்துள் மறைந்த ஊர்களின் பெயர்களையும் வயல்களின் பெயர்களையும் தொகுக்கத் தமிழ் கற்றோர் செல்லவேண்டும். கடலூர் சிப்காட் பகுதியில் 2004 இல் ஊர் மக்களே வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். வீசும் நாற்றம் எந்த அன்றாடப் பொருளை ஒத்தது என்று தம் சொல்லிலேயே குறித்தும் வைத்தனர். நாற்றத்தைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் உள என்று அகராதியைப் புரட்டும் ஆய்வாளர் அக்குறிப்புகளைக் காணவேண்டும்.

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது, உம்மாவின் வீட்டு ஓடுகள் பறந்தன. பாட்டனார் அரபுத்தமிழில் எழுதி வைத்த கணக்கேடுகள் மரப்பெட்டியோடு நனைந்தன. உலர்த்திப் பிரித்ததில் எஞ்சியவை சில தாள்களே. அவற்றில் துணி விலையோடு காற்றின் பெயர்களும் இருந்தன. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என எக்காற்றில் எச்சரக்கு வந்தது என்று எழுதியிருந்தார். வானிலை ஆய்வாளர்க்கும் வணிக வரலாற்றாளர்க்கும் மொழி ஆய்வாளர்க்கும் ஒருங்கே பயன்படக்கூடிய ஏடு அது. பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் இத்தகைய பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் உள்ளன.

இவற்றைத் தேடிச் செல்ல உகந்த பட்டமாக ஆய்வியல் நிறைஞர் இருந்தது. ஓராண்டில் ஓர் ஊரை, ஒரு தொழிலை, ஒரு வழக்கை எடுத்து முடிக்கலாம். வெளியூர் செல்ல இசைவு பெறாத பெண்பிள்ளைகளும் தம் ஊரையே ஆய்வுக்களமாக்கலாம். 2022 நவம்பரில் வெளியான பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள் அப்பட்டத்தை நிறுத்திவிட்டன. முனைவர் பட்டம் இருக்கிறதே என்பர். நெடுங்கடலில் மீன்பிடிக்கும் கப்பல் இருப்பதால் ஆற்று முகத்துக்குக் கட்டுமரம் வேண்டா என்பது போன்றது அது.

எஞ்சியிருப்பது முதுகலையின் திட்டக்கட்டுரை. 'இன்னார் புதினங்களில் பெண் மாந்தர்' என்ற தலைப்பையே ஆண்டுதோறும் கேட்டு வரும் மாணவரை இவ்வாண்டு நாம் சற்றே திருப்பி விட்டுள்ளோம். சாமியார்பேட்டையிலிருந்து வரும் மாணவி ஒருவர் தம் தந்தையாரும் சிற்றப்பாமாரும் வழங்கும் மீன்பெயர்களை, வளர்ச்சிப் பருவம்தோறும் மாறும் பெயர் உட்படத் தொகுக்கிறார். கடல் உயிரியல் மையத்தின் பேராசிரியர் ஒருவர் படி ஒன்று கேட்டிருக்கிறார். பிச்சாவரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் தம் சொற்களைக் கேட்டு எழுதப் புறப்பட்டிருக்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் கடலூரிலிருந்து முத்துப்பேட்டை வரை கரையோர ஊர்தோறும் இறங்கி, அலையாத்தி என்னும் சொல் எந்த ஊரில் தொடங்குகிறது, அங்குள்ள முதியோர் அதற்கு என்ன பொருள் கூறுகின்றனர் என்று கேட்டுவர வேண்டும். பேருந்துக் கட்டணத்தைத் துறை ஏற்கிறது.